விதை மேல் பழி போடும் முன்: உப்பு வயல் அனுபவங்கள்

வேதாரண்யம் பக்கம், கடைமடை:

எங்கள் பக்கம் நெல் நேரடி விதைப்புதான். விதைத்த பின் மழை தள்ளிப்போனால் வயலில் திட்டுத் திட்டாகச் சொட்டை விழும். உடனே "விதை சரியில்லை" என்று விதை கொடுத்தவரோடு சண்டை. அதற்கு முன் சொட்டை விழுந்த இடத்தைக் கையால் கிளறிப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் விதை முளைத்துத்தான் இருக்கும். வேர் குட்டையாக, பழுப்பேறி நிற்கும். இரண்டாவது, மூன்றாவது இலை விடும்போது நுனி வெளுத்து, சுருண்டு, காய்ந்துவிடும். இது விதையின் குறை இல்லை, மண்ணில் உள்ள உப்பின் வேலை.

நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில்தான் தாங்காது, அப்புறம் பூக்கும்போது மறுபடியும் அடிபடும். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சும் கொஞ்ச நீரோடும் சோடியம் ஏறி இலையில் சேர்ந்து கருக்கிவிடும்.

மேட்டுத் திட்டைக் கவனியுங்கள். வெயிலில் அடி உப்பு மேலேறி முதலில் அங்கேதான் வெள்ளையாகப் பூக்கும், சொட்டையும் முதலில் அங்கேதான். அதனால் நிலத்தைச் சமப்படுத்தாமல் விதை ரகத்தை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ரகம் என்றால் எங்கள் ஊருக்கு உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல்லான குழியடிச்சான். நடவு செய்கிறவர்கள் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் நாற்றங்கால் போட்டு, கொஞ்சம் முற்றிய நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள்.

மன்னார்குடி, இப்போது கர்னாலில் வேலை:

அண்ணே, இங்கே ஹரியானாவில் கோதுமைக்கும் இதே கதைதான். உப்பு வயலில் முளைப்பு தாமதமாகும், ஒரே வயலில் ஒரு பக்கம் மூன்று இலை, ஒரு பக்கம் அப்போதுதான் தலைகாட்டும். பிறகு தூர் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கக் கிளைகள்) குறையும். கோதுமை நெல்லை விடக் கெட்டி. மண்ணில் எவ்வளவு உப்பு என்பதை மண் சாற்றின் மின்கடத்துத்திறனை வைத்து அளப்பார்கள்; அது மீட்டருக்கு 6 டெசிசைமன் வரை மகசூல் குறையாது, நெல்லுக்கு அந்த எல்லை 3. ஆனால் முளைக்கும்போதும் இளம் பயிரிலும் கோதுமைக்கே 4, 5-ஐத் தாண்டக் கூடாது. இங்குள்ள விவசாயிகள் விதைப்பதற்கு முன்பே ஒரு தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்கிவிட்டு, ஈரம் பக்குவமானதும் விதைக்கிறார்கள். இங்குள்ள மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் தந்த உப்பைத் தாங்கும் கே.ஆர்.எல். 210 கோதுமை ரகத்தையும் போடுகிறார்கள். நம் ஊரில் இதற்காக ஜிப்சம் போடுகிறார்களே, பலன் இருக்கிறதா?

வேதாரண்யம் பக்கம்:

தம்பி, ஜிப்சம் களருக்கு மருந்து, உவருக்கு இல்லை. கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போய், மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் நின்றால் அது களர். எங்களுடையது கடல் உப்பு ஏறிய உவர். 2004 சுனாமியில் கடல் ஏறிய நாகப்பட்டினம் வயல்களைத் தேற்றியதில் பெரும்பங்கு மழைக்கும் வடிகாலுக்கும்தான். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைக் கட்ட வேண்டும், உப்பு கரைந்ததும் வடித்துவிட வேண்டும். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். ஆனால் வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வடித்த தண்ணீர் எங்கே போகும்? எங்கள் பகுதியில் இப்போது இதுதான் பெரிய தொல்லை. சீர்காழி, தரங்கம்பாடி பக்கத்துக்காரர்கள் யாராவது ஊர்கூடி வடிகால் தூர்வாரியிருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.