அம்மாவின் மூட்டுவாத ஊசியைத் தங்கையின் எம்.எஸ்ஸுக்குப் போடலாமா?

அல்சூர்க்காரன்:
அம்மாவுக்கு முடக்குவாதம். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தை அடக்கும் ஊசி போட்டபின் இப்போது தானே மாடி ஏறுகிறார். தங்கைக்குப் போன மாதம் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். இரண்டிலும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது. அப்படியானால் அதே ஊசி போதாதா? நரம்பு டாக்டர் ‘வேண்டவே வேண்டாம்’ என்றார். காரணம் கேட்க நேரமில்லை, வெளியே பெரிய வரிசை.

ஆய்வுக்கூட எலி:
டாக்டர் சொன்னது சரி. டி.என்.எஃப்பை அடக்கும் லெனர்செப்ட் என்ற மருந்தை எம்.எஸ்ஸுக்குச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். 168 பேர். மருந்து போட்டவர்களுக்குத்தான் தாக்குதல் அதிகம் வந்தது. டி.என்.எஃப் போய் ஒட்டிக்கொள்ள செல்களில் இரண்டு ஏற்பிகள். ஒன்றின் வழியாக அழற்சி கிளம்பும். இன்னொன்று, எலிகளில் பார்த்தவரை, நரம்பின் மையலின் உறையைச் சரிசெய்ய உதவும். இந்த மருந்து இரண்டையும் சேர்த்து முடக்கிவிடும்.

டி.என்.எஃப் போல செல்களுக்கிடையே தூது போகும் புரதங்கள்தான் சைட்டோகைன். அவற்றின் கதை முழுக்கவே இப்படித்தான். 1987இல் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைக் கொடுத்த 18 எம்.எஸ். நோயாளிகளில் 7 பேருக்கு நோய் கிளம்பியது. எலிகளில் ஐ.எல்.23 என்ற சைட்டோகைன் இல்லாவிட்டால் எம்.எஸ். போன்ற நோயே வராது. அதை அடக்கும் உஸ்டெகினுமாப் மனிதர்களிடம் பலிக்கவில்லை. ஐ.எல்.2 என்ற சைட்டோகைனின் ஏற்பியை மறிக்கும் டாக்லிசுமாப் 2016இல் வந்தது, 2018இல் போனது. தூதுவனைத் துரத்துவதை விட்டுவிட்டு, பி செல் என்ற வெள்ளணுவைப் பிடியுங்கள்.

மல்லேஸ்வரம் மீனா:
எலியாரே, வசதியானதை மட்டும் அடுக்குகிறீர்கள். எம்.எஸ். தாக்குதல்கள் வருவதையே குறைக்கும் மருந்தாக 1993இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி வாங்கியது இன்டர்ஃபெரான் பீட்டா. அதுவும் சைட்டோகைன்தானே? எட்டு வருஷமாக நானே போட்டுக்கொள்கிறேன். போட்ட இரவு காய்ச்சல், கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலை. ஆனால் நடக்கிறேன். டாக்லிசுமாபும் பலிக்காமல் போகவில்லை. கல்லீரல் பாதிப்பும் மூளை அழற்சியும் பயமுறுத்தியதால் எடுத்தார்கள்.

ஆய்வுக்கூட எலி:
டாக்லிசுமாப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இன்டர்ஃபெரான் பீட்டாவைவிட ஓக்ரெலிசுமாப் என்ற மருந்து தாக்குதலை நன்றாகவே குறைத்தது. அது அடிப்பது பி செல்லை.

மல்லேஸ்வரம் மீனா:
அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். ஆன்டிபாடி செய்வது பி செல்லிலிருந்து முதிரும் பிளாஸ்மா செல். உங்கள் மருந்து குறிவைக்கும் சிடி20 என்ற புரதம் அதன்மேல் அநேகமாகக் கிடையாது, அதனால் மருந்து அதைத் தொடுவதில்லை. ஆன்டிபாடி பெரிதாகக் குறையாமலே தாக்குதல் மட்டும் எப்படி நிற்கிறது? பி செல் டி செல் என்ற இன்னொரு வெள்ளணுவை உசுப்புவதும், ஐ.எல்.6, ஜி.எம்.சி.எஸ்.எஃப் போன்ற சைட்டோகைன்களைச் சுரப்பதும் நிற்பதால் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். தூதுவனைத்தானே நீங்களும் மறிக்கிறீர்கள், கொஞ்சம் மேலே போய்!

ஆய்வுக்கூட எலி:
அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. அல்சூர்க்காரரே, அக்வாபோரின் 4 ஆன்டிபாடி பார்த்தார்களா? அது இருந்தால் நோயே வேறு, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. அதில் ஐ.எல்.6ஐ மறிக்கும் சாட்ராலிசுமாப் என்ற மருந்து வேலை செய்யும். மீனாவின் இன்டர்ஃபெரான் நோயைக் கூட்டிவிடும்.

அல்சூர்க்காரன்:
பார்த்தாயிற்று, நெகட்டிவ். அம்மா நேற்றும் ‘என் ஊசியில் ஒன்றை அவளுக்குப் போடுடா’ என்றார். டப்பாவை ஃப்ரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.