சைட்டோடெக்னாலஜி: தமிழில் ஒரு சொல் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உயர்நிலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மருத்துவத் துறைப் படிப்புகள் பற்றி ஒரு கையேடு போடுகிறோம். டாக்டர், நர்ஸ் இரண்டையும் தாண்டி நல்ல வேலைகள் இருக்கின்றன என்று காட்ட வேண்டும். தாத்தா, பாட்டிகளும் புரட்டிப் பார்ப்பார்கள் என்பதால் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு தமிழ்ப் பக்கம் உண்டு. ஞாயிறு காலை அச்சுக்குப் போகிறது. சைட்டோடெக்னாலஜி, அதாவது உடலிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து நோய்க்குறி தேடும் துறை; அதன் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

பக்கத்தில் பிலடெல்பியாவில் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகம் இதை இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பாகவும் நடத்தியிருக்கிறது. அதைத்தான் எடுத்துக்காட்டாகக் கொடுக்கிறேன். துறைக்கும் அந்த வேலையைச் செய்பவருக்கும் ஒரு சொல், அந்தச் சேர்ந்த பட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு "உயிரணுத் தொழில்நுட்பவியலாளர்", "இணைப்பட்டம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை.

ச., நியூஜெர்சி

---

ச. அம்மாவுக்கு,

"இணைப்பட்டம்" வேண்டவே வேண்டாம். அங்கே சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு ஆண்டில் ஒரு பட்டம் தருகிறார்களே, அதைத்தான் இணைநிலைப் பட்டம் என்று பலர் எழுதுகிறோம். முதுநிலை வரை படிக்கிற பிள்ளையை இரண்டாண்டுப் படிப்பில் சேர்த்துவிடுவீர்கள். "இரட்டைப் பட்டம்" என்றால் இரண்டு வெவ்வேறு துறை என்று நினைப்பார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி விளம்பரங்களில் "ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பு" பழகிய தொடர். ஆனால் அங்கே ஐந்தாண்டு முடிவில் ஒரே பட்டம் தருகிற இடங்களும் உண்டு. நீங்கள் சொல்லும் வகைப் படிப்பில் பொதுவாக முதுநிலைப் பாடங்கள் சில இளநிலைக் கணக்கிலும் சேரும், இரண்டு பட்டமும் கைக்கு வரும். "ஒருங்கிணைந்த இளநிலை–முதுநிலைப் படிப்பு" என்று நீட்டியே எழுதுங்கள். நீளம் குற்றமில்லை.

துறைக்குச் "செல் தொழில்நுட்பம்" போதும். தமிழ்நாட்டுப் பாடநூலில் செல்தான்.

த., சிங்கப்பூர்

---

வணக்கம். நான் இந்த வேலையில் இருப்பவள், அதனால் குறுக்கே வருகிறேன்.

த. அண்ணா, "செல் தொழில்நுட்பம்" என்று சேலத்தில் இருக்கும் என் அம்மாவிடம் சொன்னால் செல்போன் ரிப்பேர் என்றுதான் எடுத்துக்கொள்வார். "உயிரணு" இன்னும் மோசம். ஊரில் கருத்தரிப்பு மைய விளம்பரங்களைப் பாருங்கள்: "உயிரணு குறைபாடா?" என்று சுவரெல்லாம் எழுதியிருக்கும். பொதுமக்கள் காதில் உயிரணு என்றால் விந்தணு. இங்கே வருவதற்கு முன் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, "உயிரணுப் பரிசோதனை" என்று அச்சிட்ட படிவத்தைப் பார்த்து ஒரு பெண்மணி, "இது என் வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டார். கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வந்தவர் அவர்.

அதைவிட முக்கியம், "தொழில்நுட்பம்" என்ற பகுதியே எங்கள் வேலையைச் சொல்லவில்லை. கருவியை ஓட்டுவது எங்கள் வேலையில் சிறு பகுதி. கருப்பைவாயிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பிச் சாயமேற்றி வைத்திருப்பார்கள். அதை நுண்ணோக்கியில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரு வட்டம் விடாமல் பார்க்க வேண்டும். பல்லாயிரம் செல்கள் நடுவே உட்கரு பெருத்து, கறுத்து, விளிம்பு கோணிய நாலைந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்டால் அந்த இடத்தில் மையால் புள்ளி வைத்து நோயியல் மருத்துவருக்கு அனுப்புவோம். ஒன்றும் இல்லையென்றால், அமெரிக்காவில் கருப்பைவாய் ஸ்லைடுகளில் பெரும்பாலும் நாங்களே கையெழுத்திட்டு முடித்துவிடுகிறோம். அந்த "ஒன்றுமில்லை"யில்தான் முழுப் பொறுப்பும் இருக்கிறது. நான் தவறவிட்டால் அதை இன்னொருவர் பார்ப்பார் என்ற நிச்சயம் கிடையாது.

1980களில் இங்கே சில ஆய்வுக்கூடங்கள் ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஆட்களை அளவுக்கு மீறிப் பார்க்க வைத்தன. புற்றுநோய் கண்ணில் படாமல் போய்ப் பெண்கள் இறந்தார்கள். செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான் 1988இல் ஆய்வுக்கூடங்களின் தரத்தைக் கட்டுப்படுத்தும் கிளியா சட்டம் வந்தது. ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. அந்த நூறையும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக முடிக்கக் கூடாது. "இயல்பு" என்று முடித்தவற்றில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை மறுபடி பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் பார்வைக்குச் சட்டம் போட்டு எல்லை கட்டிய தொழில் இது. சொல்லில் அந்தப் பார்வை வரட்டும்.

வே., ஹூஸ்டன்

---

எல்லோருக்கும் வணக்கம்.

செல்லும் உயிரணுவும் சரிவரவில்லை என்றால் எங்கட பக்கம் ஒருக்கால் பாருங்கோ. இலங்கைப் பாடப்புத்தகங்களில் செல் என்ற சொல்லே இல்லை. கலம், இழையம், அங்கம், தொகுதி. சைட்டோபிளாசத்துக்குக் குழியவுரு. இரத்தத்தில் இருப்பவை செங்குழியம், வெண்குழியம். யாழ்ப்பாணத்தில் நான் உயிரியல் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளையும் கலம் என்றதும் பானையை நினைக்கவில்லை. அறுபது எழுபது வருசமாக ஓடுகிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்? கலநுட்பவியல், கலநுட்பர். வே. தங்கச்சி சொன்ன பார்வையைச் சேர்ப்பதென்றால் கலநோக்கர்.

க., டொராண்டோ

---

அன்புசால் நண்பர்களே,

க. அவர்கள் கலத்தை எடுத்துவைத்ததும் என் தூக்கம் போயிற்று. சைட்டோ என்பது கிரேக்கத்தில் கைட்டோஸ்: உள்ளே வெற்றிடமுள்ள பாத்திரம். அப்படியே நம் கலம்! "கலஞ்செய் கோவே கலஞ்செய் கோவே" என்று புறநானூற்றுப் பெண் குயவனை அழைக்கிறாளே, அந்தக் கலம். "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகம் 149இல் முசிறிக்கு வருகிறதே, அது மரக்கலம். பாத்திரமும் கப்பலும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன. இந்தக் கருப்பைவாய்ப் பரிசோதனையைக் கண்டவரும் யவனரே, கிரேக்கரே. ஜார்ஜ் பாப்பனிக்கொலாவு, 1883இல் யூபியாத் தீவின் கைமி ஊரில் பிறந்தவர், 1913இல் நியூயார்க்கில் இறங்கியவர். அவர் மனைவி ஆந்திரோமாகி தம் உடலிலிருந்தே நாள்தோறும் மாதிரி தந்தார். 1928இல் அவர் முதலில் அறிவித்தபோது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1941இல் டிராட் என்பவரோடு சேர்ந்து எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

குழியமும் எளிதில் விடத்தக்கதன்று. கருப்பைவாய் நச்சுயிரி புகுந்த செல்லுக்குக் "கோய்லோசைட்" என்று பெயராம். கோய்லோஸ் என்றால் கிரேக்கத்தில் குழிந்தது. குழி, குழல், குடம், குடுவை, குடலை என்று நம்மிடம் "கு" என்னும் வேர் உட்குழிவுப் பொருளில் எத்தனை சொற்களை ஈன்றிருக்கிறது! கைட்டோஸுக்கும் குடத்துக்கும், கோய்லோஸுக்கும் குழிக்கும் உள்ள உறவை யாரேனும் ஆராய வேண்டும்.

ம.இ., மதுரை

---

ம.இ. ஐயா அவர்களுக்கு,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. இந்தோ-ஐரோப்பிய ஒலிமாற்ற விதிகளைப் பின்தொடர்ந்தால் கோய்லோஸ் வேறு பக்கம் போய்விடும். கையேட்டில் இதற்கெல்லாம் இடமும் இல்லை.

எனக்கு வருத்தமாக இருப்பது வேறொன்று. நாம் தேடும் சொல் யாருக்கு? நியூஜெர்சியில் இருக்கும் பெரும்பாலான தமிழ்ப் பெற்றோர் தமிழ்நாட்டில் படித்தவர்கள். அவர்கள் கற்றது செல். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். வந்து பழகிவிட்ட சொல்லைத் தள்ளக் கூடாது. செல் தமிழ் ஒலியமைப்புக்கு முழுக்கப் பொருந்துகிறது, கிரந்த எழுத்துகூட வேண்டாம். நிறுத்துவானேன்?

த., சிங்கப்பூர்

---

த. அவர்களே, காலத்துப் படினே என்றாரேயன்றிக் கண்டதெல்லாம் படினே என்றாரில்லை. செல் என்றால் தமிழில் போ என்பது பொருள், கறையான் என்பது பொருள். ஏட்டைச் செல்லரித்தது என்கிறோம். இடி, மேகம் என்றும் பொருளுண்டு. நான்கு பொருள் சுமக்கும் சொல்லின் தலையில் ஐந்தாவதை ஏற்றுவதா?

ஆனால் வே. அம்மையார் எழுதியதை நேற்றுத்தான் நிதானமாகப் படித்தேன். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு வட்டம் விடாமல் பார்ப்பது என்றாரே. தொல்காப்பியச் செய்யுளியலில் "மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே" என்று இருக்கிறது. மிகச் சிறிய அலகு தொடங்கி முழுமை வரை எதையும் தாண்டாமல் மறித்துப் பார்ப்பதுதான் நோக்கு. வெறும் பார்வை அன்று. நுண்ணோக்கி என்று கருவிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டோம். அதன்வழிப் பார்ப்பவர் நோக்கர். முன்பாதி எதுவானாலும் பின்பாதி நோக்கர் என்றே இருக்கட்டும். இதில் நான் உறுதி.

ம.இ., மதுரை

---

ஐயா, நோக்கர் என்பதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆண்டு இந்த வேலையில் இருக்கிறேன், யாரும் இப்படிச் சொன்னதில்லை.

இன்னொரு தகவல். ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் ஏ.எஸ்.சி.பி. அமைப்பு சைட்டோடெக்னாலஜிஸ்ட் என்பதை விட்டுச் சைட்டாலஜிஸ்ட் என்கிறது. "டெக்னாலஜி" அங்கேயே உதிர்கிறது. முதுநிலை வரை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கும் இதுதான் பதில், ச. அக்கா, இதை அவசியம் கையேட்டில் எழுதுங்கள். 2020இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், 25 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. நச்சுயிரிக்கான சோதனையை முதலில் செய்வதே சிறந்தது என்று பரிந்துரைத்தது. கருப்பைவாய் ஸ்லைடுகள் குறைந்துவருகின்றன. அதற்கு ஈடாக நுரையீரல், தைராய்டு, கணையம் ஆகியவற்றில் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும்போது நாங்கள் நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிறோம். அங்கேயே சாயமேற்றிப் பார்த்து, "போதிய செல் வந்திருக்கிறது" அல்லது "இன்னொரு முறை குத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். எடுத்ததில் மரபணுச் சோதனைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்றும் பார்க்க வேண்டும். இளநிலைப் படிப்பு மட்டும் இதற்கெல்லாம் போதவில்லை என்றுதான் பல பயிற்சித் திட்டங்கள் முதுநிலைக்கு ஏறின. உயிரியலும் வேதியியலும் பிடித்து, மணிக்கணக்கில் பொறுமையாக உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு இது பொருந்தும்.

வே., ஹூஸ்டன்

---

ஒரு நடுவழி: உயிர்க்கலம். தமிழ்நாட்டிலேயே மின்கலம், சூரியக்கலம், எரிபொருள்கலம் எல்லாம் வழங்குகின்றன. அங்கே கலம் என்றால் பானை என்று யாரும் மயங்குவதில்லை. அதே வரிசையில் உயிர்க்கலம். விந்தணுவும் இல்லை, செல்போனும் இல்லை, கறையானும் இல்லை. உயிர்க்கல நோக்கர். எனக்கு இன்னமும் செல்தான் விருப்பம், ஆனால் இதை எதிர்க்க மாட்டேன்.

த., சிங்கப்பூர்

---

நன்றி, நன்றி. இன்று சனி இரவு. தலைப்பில் "உயிர்க்கல நோக்கியல்" என்றும், செய்பவரை "உயிர்க்கல நோக்கர்" என்றும் போடுகிறேன். கீழே விளக்கத்தில் எல்லா இடத்திலும் செல் என்றே வரும், இல்லையென்றால் தாத்தாக்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். சைட்டோடெக்னாலஜி என்பதும் தமிழ் எழுத்தில் ஒரு முறை வரும், பிள்ளைகள் விண்ணப்பம் போடத் தேட வேண்டுமே. பட்டத்துக்கு "ஒருங்கிணைந்த இளநிலை–முதுநிலைப் படிப்பு". கிளியா சட்டத்தின் நூறு ஸ்லைடு கணக்கையும் பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிட்டேன்.

ச., நியூஜெர்சி

---

ச. அம்மா, அச்சுக்குப் போகட்டும், மறிக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துவிடுங்கோ. சாயமேற்றுமுன் அந்தக் கலங்களை ஆல்கஹாலில் நிலைப்படுத்திவிடுகிறார்கள். நோக்கர் பார்க்கும் கலம் ஒன்றிலும் உயிர் இல்லை. தமிழ்நாட்டாருக்குக் கலம் பழக வேண்டும் என்பதற்காக மட்டும் "உயிர்" முன்னால் ஒட்டப்படுகிறது. எங்கட பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. டொராண்டோவில் நாங்கள் கையேடு போடும்போது கலநோக்கர் என்றே போடுவோம்.

க., டொராண்டோ