டேங்க் கழுவிய கதை: ஒழுகல், கருகல், மிச்சம் விழுந்த ஒரு வளையம்

ஈஸ்ட்ஹாம்காரன்:

பதினெட்டு வருஷம் சிகரெட் பிடித்தவன் நான். லண்டன் வந்த பிறகும் நாளைக்கு ஒரு பாக்கெட் தீரும். ஒரு வழியாக அதை விட்டுவிட்டு வேப் என்கிற மின் சிகரெட்டுக்கு மாறினேன். முதலில் வாங்கியதெல்லாம் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வகை. 2025 ஜூன் 1 முதல் அந்த வகையை இங்கே விற்கக் கூடாது என்று ஆகிவிட்டதால், ஜூஸ் என்று நாங்கள் சொல்கிற நிகோடின் திரவத்தை ஊற்றிக்கொள்கிற டேங்க் ஒன்றை வாங்கினேன். கண்ணாடிக் குழல், மேலே மூடி, கீழே காற்று வரும் வளையம், நடுவில் ஜூஸைச் சூடாக்கி ஆவியாக்கும் காயில். பார்க்கச் சின்ன காபி ஃபில்டர் மாதிரி இருக்கும்.

வாங்கின நாளிலிருந்து இரண்டு மாதம் அதைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. ஜூஸ் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இங்கே டேங்க் 2 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது என்பது சட்டம், அதனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊற்ற வேண்டியிருக்கும். மாம்பழ ஜூஸ் ஊற்றினாலும் போன வாரத்துப் புதினா வாசனைதான் வந்தது. உள்ளே இருந்த ஜூஸ் கஷாய நிறத்துக்கு வந்துவிட்டது. சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கழற்றி, காயில் உட்பட, சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்துத் தேய்த்தேன். துணியால் துடைத்து, கால் மணி நேரத்தில் பூட்டி, ஜூஸ் ஊற்றி ஒரு இழுப்பு இழுத்தேன்.

படபடவென்று பொரிந்தது. நாக்கில் சூடாக ஒரு துளி வந்து விழுந்தது. அடுத்த இழுப்பில் சோப்பு, அதற்கடுத்ததில் அடிப்பிடித்த பால் மாதிரி கருகல். தொண்டை கமறி ஐந்து நிமிஷம் இருமினேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது பேன்ட் பாக்கெட் முழுக்க ஈரம். "சிகரெட்டாவது பாக்கெட்டில் ஒழுகாது" என்றாள் மனைவி.

சாயங்காலம் வந்து பார்த்தால் சிங்க் ஓரத்தில் கருப்பாக ஒரு சின்ன ரப்பர் வளையம் கிடக்கிறது. என்னுடையதா, குக்கர் விசிலுடையதா என்று தெரியவில்லை. இரண்டையும் அன்றைக்குத்தான் கழுவினோம். எங்கே தப்பு செய்தேன்? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ராத்திரி ஷிப்ட்:

வளையம் கதை அப்புறம். முதல் தப்பு காயிலைச் சோப்பில் போட்டது. அந்தச் சின்ன உருளைக்குள் கம்பியைச் சுற்றி இருப்பது பஞ்சு. பஞ்சுக்குள் சோப்பு ஏறினால் எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் முழுசாகப் போகாது. நாக்கில் சுட்ட துளி பஞ்சில் நின்ற தண்ணீர்தான். அது கொதித்துத் தெறிக்கும்.

காயிலை மாற்றாமல் கழுவிப் போடும் இந்தக் கஞ்சத்தனத்தை நானும் செய்து பார்த்தவன். லெஸ்டரில் கிடங்கு வேலை. ஐந்து காயில் உள்ள பெட்டியாக வாங்கினால் ஒரு காயிலுக்கு இரண்டு, மூன்று பவுண்டுதான் ஆகும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. பழைய காயில் நாலைந்தை வோட்காவில் ஒரு ராத்திரி போட்டேன். வோட்கா காப்பி நிறமானது. நன்றாக அலசி, ஹீட்டர் மேல் இரண்டு நாள் காயவைத்துப் போட்டேன். முதல் நாள் அமிர்தம். இரண்டாம் நாள் மத்தியானமே கருகல். ஒன்றரை நாளுக்காக மூன்று நாள் செலவு. டீத்தூளைக் கழுவிக் காயவைத்து மறுபடி டீ போடுவதும் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அதைவிட முக்கியம் காயில் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பது. நான் அப்போது பிடித்ததெல்லாம் கஸ்டர்ட், கேரமல், டோனட். இவற்றில் பலதில் சுக்ரலோஸ் என்கிற இனிப்பைச் சேர்க்கிறார்கள். ஜூஸில் இருக்கும் கிளிசரினும் பிஜி என்கிற புரோப்பிலீன் கிளைகாலும் ஆவியாகிப் போய்விடும், இனிப்பு போகாது. கம்பியிலேயே தங்கிக் காய்ந்துவிடும். அதிரசத்துக்குப் பாகு வைத்துவிட்டு அடுப்பை மறந்தால் என்ன ஆகும்? அதேதான். கஸ்டர்ட் ஊற்றினால் எனக்கு ஒரு காயில் நாலு நாள் வரும். இனிப்புச் சேர்க்காத புதினாவுக்கு மாறிய பிறகு இரண்டு வாரம் வருகிறது. டேங்க், சாதனம், கை எதுவும் மாறவில்லை.

புதுக் காயில் போடும்போது பக்கவாட்டு ஓட்டைகளில் தெரியும் பஞ்சில் நாலைந்து சொட்டு ஜூஸ் விடுங்கள். டேங்கை நிரப்பிப் பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். பஞ்சு ஊறாமல் பட்டனை அழுத்தினால் முதல் இழுப்பிலேயே காயில் தீய்ந்துவிடும். ஒரு தடவை தீய்ந்த பஞ்சுக்கு வைத்தியம் கிடையாது.

ஹரோ அண்ணை:

தம்பி, அந்த வளையம் உங்கட டேங்குடையதாகத்தான் இருக்கும். குக்கர் விசில் வளையம் தடிப்பானது.

நான் இந்தச் சாமானில் எட்டு வருஷமாக நிற்கிறன். முதல் டேங்க் பிளாஸ்டிக். அதுக்குள்ளே கறுவா வாசம் உள்ள ஜூஸ் ஒன்றை விட்டு இரவு குசினி மேசையில் வைத்தேன். விடியப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடி, மேசை விரிப்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கறுவா, எலுமிச்சை, பெருஞ்சீரகம் மாதிரி வாசங்கள் சில வகைப் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று பிறகுதான் விளங்கினது. அன்றிலிருந்து கண்ணாடி மட்டும்தான். கண்ணாடிக்கும் ஒரு குணம் உண்டு. கேத்தில் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. நான் ஊற்றி, உடனே குழாய்த் தண்ணியில் பிடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கை பொறுக்கிற சூடு போதும்.

ஓ-ரிங் என்கிற இந்த ரப்பர் வளைய விஷயத்தில் நான் இப்போது செய்கிறது இதுதான். வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து, கழற்றின ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்து வைப்பேன். கழுவினபின் ஒவ்வொரு வளையத்தையும் விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்க வேணும். தட்டையாகிப் போனது, கீறல் விழுந்தது, ஊதிப்போனது எல்லாம் குப்பைக்கு. பூட்ட முதல் வளையத்தில் ஒரு துளி ஜூஸ் பூசுங்கோ. காய்ந்த ரப்பரை முறுக்கினால் அது மடிந்து உள்ளே போய்விடும், வெளியாலே பார்த்தால் தெரியாது. ஒழுகிறது அதாலேதான். புரி திருகும்போதும் முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றி, 'டக்' என்று இறங்கின பிறகு வலப்பக்கம் திருகுங்கோ. புரி மாறி ஏறினால் டேங்க் போச்சு.

ஒரு முறை டொரண்டோவுக்குப் பறக்கேக்க நிறைந்த டேங்கைக் கைப்பையில் வைத்தேன். மேலே காற்றழுத்தம் குறைய, டேங்குக்குள் இருந்த காற்று விரிந்து ஜூஸ் முழுதையும் வெளியே தள்ளிவிட்டது. கடவுச்சீட்டு ஸ்ட்ராபெரி மணந்தது. குடிவரவு அதிகாரி மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வெறும் டேங்கைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு போங்கோ. சென்னைக்குப் போகிறதென்றால் வீட்டிலேயே விட்டுட்டுப் போங்கோ. இந்தியாவில் 2019 செப்டெம்பரிலிருந்து இது தடை.

கிள்ளான் பையன்:

அண்ணன் சொன்ன வளையக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் இருப்பது மலேசியா. என்னுடையது காயிலை நாமே சுற்றிக்கொள்கிற டேங்க், 5 மில்லி பிடிக்கும். இதில் கம்பியைக் கழுவலாம், பஞ்சு மட்டும் புதிது. பழைய பஞ்சை உருவி எடுத்துவிட்டு, பட்டனை விட்டு விட்டு அழுத்தினால் கம்பி மங்கலாகச் சிவக்கும், படிந்த கரி உதிரும். அதைத் தூரிகையால் தேய்த்து, ஆறியதும் தண்ணீரில் அலசினால் புதுக் கம்பிதான்.

ஆறியதும் என்றேன் பாருங்கள், அந்த வார்த்தைக்குத்தான் நான் விலை கொடுத்தேன். சிவந்த கம்பியை அப்படியே குழாய்க்கு அடியில் காட்டினேன். 'சுர்ர்' என்று கேட்க நன்றாக இருந்தது. இப்படியே நாலைந்து முறை செய்த பிறகு, ஒரு நாள் சாமணத்தால் தொட்டதும் கம்பி இரண்டாக ஒடிந்தது. இன்னொரு நாள் அவசரத்தில் ஓ-ரிங்கைக் கழற்றாமலேயே சிவக்க வைத்துவிட்டேன். வீட்டில் டயர் எரிந்த நாற்றம். அம்மா ஒயர் கருகுகிறது என்று மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். சல்லடை மாதிரி இருக்கும் மெஷ் வகையை இப்படிச் செய்யவே வேண்டாம். நடுவில் ஒரு புள்ளி மட்டும் சிவந்து ஓட்டையாகிவிடும்.

இப்போது அக்காவின் கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் பெட்டியில் உலோகப் பாகங்களைப் போட்டு எடுக்கிறேன். அக்காவுக்குத் தெரியாது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

நான் பிடிப்பதில்லை. என் கணவர்தான். ஆனால் இந்த இழையில் எழுத எனக்குத்தான் அதிக உரிமை.

இவர் ஒரு சனிக்கிழமை டேங்கின் பாகங்களைக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊறவைத்து சிங்க் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மதுரையிலிருந்து மாமியார் வந்திருந்தார். விடியற்காலையில் எழுந்தவர், யாரோ தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று டம்ளரைத் தூக்கிவிட்டார். உதட்டில் வைக்கவில்லை, அண்ணாந்து குடிக்கிற பழக்கம். சாய்த்ததும் உள்ளே இரும்பு கலகலவென்று ஆடிய சத்தம் கேட்டு நிறுத்திவிட்டார். "என்னடா இது, டம்ளர்ல நட்டு போல்ட்டு?" என்று அவர் கேட்டது இன்றைக்கும் வீட்டில் பேச்சு. சிரிக்கிறோம். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

ஊறின தண்ணீராவது நீர்த்தது. பிரிட்ஜ் மேல் இருந்த பாட்டில்தான் எனக்குப் பயம். நிகோடின் இல்லாத 50 மில்லி ஜூஸில், ஒரு மில்லிக்கு 18 மில்லிகிராம் இருக்கிற 10 மில்லி நிகோடின் ஷாட் ஒன்றைக் கலந்தால்தான் இவருக்கு வேண்டிய மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும். கலப்பதற்கு முன் அந்தக் குட்டி பாட்டிலில் இருப்பது 180 மில்லிகிராம் நிகோடின். என் சின்னவனுக்கு மூன்று வயது. படத்தில் பழம் போட்டிருந்தால் அவனுக்கு அது ஜூஸ்தான். பெரியவர்களும் அதை ஜூஸ் என்றே சொல்கிறீர்கள்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது டேங்க் கழுவுவதற்கென்று மூடி போட்ட ஜாடி ஒன்று தனியாக இருக்கிறது, சிவப்பு டேப் ஒட்டி. பழைய ஜூஸை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்ட பிறகுதான் கழுவ வேண்டும். கையுறை கட்டாயம், நிகோடின் தோல் வழியாகவும் ஏறும். பாட்டில்கள் பூட்டிய அலமாரியில். கழுவின ஸ்பான்ஜ் பாத்திரத்துக்கு வரக் கூடாது. கோபித்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டார்.

ராத்திரி ஷிப்ட்:

ஜூஸ் என்று சொல்வதை இன்றோடு நிறுத்துகிறேன் அக்கா. இனி லிக்விட்தான்.

ஈஸ்ட்ஹாம்காரன்:

எல்லோருக்கும் பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, காரணம் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

ஹரோ அண்ணை சொன்னது சரி. வளையம் டேங்குடையது, அடிப்பாகமும் கண்ணாடியும் சேருகிற இடத்தில் வர வேண்டியது. அது இல்லாமல்தான் நான் பூட்டி, நிரப்பி, பாக்கெட்டில் போட்டு ரயில் ஏறியிருக்கிறேன். குக்கர் விசில் வளையமும் பத்திரமாக இருக்கிறது.

இந்தத் தடவை துவாய் விரித்து, படம் எடுத்து, கையுறை போட்டு ஆரம்பித்தேன். மனைவி "ஆபரேஷனா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். காயிலைத் தூக்கிப் போட்டேன். மற்றதை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டுக் கழுவி, நாலு தடவை அலசினேன். புதினா வாசனை மட்டும் ஓ-ரிங்கை விட்டுப் போவேனா என்றது, மாற்றிவிட்டேன். துடைத்து ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தேன். காலையில் காய்ந்துவிட்டது என்று நினைத்து நடுக்குழலை ஊதினால் இரண்டு சொட்டு வந்து விழுகிறது. இன்னும் அரை நாள்.

அப்புறம் பேட்டரி இருக்கும் சாதனத்தில் பூட்டினால், காயிலே இல்லை என்று அதன் திரையில் வந்தது. பதறிப்போனேன். சாதனத்தில் டேங்க் உட்காருகிற திருகுக்கு நடுவில் இருக்கும் பித்தளை முனையில் பழைய லிக்விட் பசையாகக் காய்ந்து கிடந்தது. காது குடையும் பட்ஸில் துளி ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் சரியாகிவிட்டது. அந்த முனையை வாங்கிய நாள் முதல் நான் பார்த்ததே இல்லை.

பத்து நிமிஷம் வைக்கச் சொன்னீர்கள், இருபது வைத்தேன். முதல் இழுப்பில் மாம்பழம், வெறும் மாம்பழம். நாலு நாளாக ஒழுகல் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். கூட வந்த உதிரி வளையப் பையில் ஆறு இருக்கிறது. டேங்கில் எண்ணினால் ஐந்து இடம்தான் தெரிகிறது.

கிள்ளான் பையன்:

வாயில் வைக்கிற முனையை உருவிப் பாருங்கள் அண்ணே. அதன் அடியில் ஒன்று இருக்கும். யாரும் அதைக் கழற்றிக் கழுவ மாட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம்காரன்:

உருவினேன். இருக்கிறது. அது இருக்கிற நிலைமையை இங்கே எழுத வேண்டாம், துவாயை மறுபடி விரிக்கிறேன்.