நாய்க் குடலை வைத்து மனிதரின் குடல் அழற்சியைப் படிக்க முடியுமா?

கூண்டெலி:
இந்த மன்றத்தின் பக்கத்து விவாதத் திரியில் ஒருவர், "ஐபிடி ஆராய்ச்சியில் எலியைக் கட்டி அழுதது போதும், இனி நாய்தான்" என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில். (ஐபிடி என்றால் நீண்ட நாள் நீடிக்கும் குடல் அழற்சி நோய், குரோன்ஸ் அதில் ஒரு வகை.) நான் எலி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குரோன்ஸ் நோயாளியின் குடலில் பாக்டீரியாக் கூட்டம் கலைந்து கிடக்கிறது. சரி. அது நோயைக் கொண்டுவந்ததா, நோய் அதைக் கொண்டுவந்ததா? இதைப் பிரித்துக் காட்டியது எலி. அழற்சியை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தின் மரபணுவை நீக்கிய எலியைச் சாதாரணமாக வளர்த்தால் பெருங்குடல் வீங்கிப் புண்ணாகிறது. அதே எலியைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் ஒன்றும் ஆவதில்லை. உள்ளே பாக்டீரியாவை விட்டதும் அழற்சி ஆரம்பித்துவிடும். யாரோ ஒருவர் வீட்டு நாயிடம் இதை எப்படிச் செய்வீர்கள்?

மாறன் வெட்:
செய்ய முடியாதுதான். ஆனால் அந்த எலிக்கு நோய் எப்படி வந்தது சார்? நீங்கள் மரபணுவை எடுத்தீர்கள். இல்லாவிட்டால் குடிக்கும் தண்ணீரில் டிஎஸ்எஸ் என்ற வேதிப்பொருளைக் கலந்து வைத்துக் குடல் சுவரை அரித்தீர்கள். கால்நடை மருத்துவனான என் மேசைக்கு வரும் நாய்க்கு யாரும் எதையும் செய்யவில்லை. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வாந்தி, விலா எலும்பு தெரியும் அளவுக்கு எடைக் குறைவு. புழு இல்லை, கணையத்தில் கோளாறு இல்லை, அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பிக் குறைபாடு) இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம். எண்டோஸ்கோப்பி விட்டு எடுத்த திசுவில் அழற்சி செல்கள் அடைந்து கிடக்கும். நோய் தானாக வந்தது, வயது ஏறிய பிறகு வந்தது, மனிதர்களோடு ஒரே வீட்டில் வாழும்போது வந்தது. இது மூன்றும் உங்கள் எலியிடம் இல்லை.

கூண்டெலி:
அந்த நாய்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டை மாற்றினாலே தேறிவிடுகின்றன என்று உங்கள் ஆட்களே எழுதுகிறார்கள். ஹைட்ரோலைஸ்டு உணவு (புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த உணவு) கொடுத்து இரண்டு வாரத்தில் சரியாகிற வயிற்றுப்போக்கை ஐபிடி என்று எப்படிச் சொல்வது? கால்நடை மருத்துவர்களே இப்போது அந்தப் பெயரைத் தவிர்த்து 'நாள்பட்ட குடல் நோய்' என்றுதானே எழுதுகிறார்கள்? அப்புறம், நாய்களில் குடல் சுருக்கமும் புரையோடிய துளைகளும் அரிது. குரோன்ஸின் பாதிக் கொடுமையே அவைதான்.

கதிர்மொழி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே குரோன்ஸ். முதலில் கொடுத்த சிகிச்சை என்ன தெரியுமா? வாரக்கணக்கில் வெறும் திரவ உணவு. மெல்ல ஒன்றுமே கிடையாது. ஸ்டீராய்டு இல்லாமலேயே நோய் அடங்கியது. குழந்தைகளுக்கு வரும் குரோன்ஸுக்கு இது இன்றும் முதல் வரிசைச் சிகிச்சை. ஆகவே "சாப்பாட்டில் தேறினால் அது ஐபிடி இல்லை" என்பதை என்னிடம் சொல்லாதீர்கள்.

மாறன் வெட்:
இதைத்தான் சொல்ல வந்தேன், நன்றிம்மா. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதையே தொட்டது. நோய்ப்பட்ட வீட்டு நாய்களுக்கு உணவை மட்டும் மாற்றினார்கள். தேறிய நாய்களில் ஈ.கோலை, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களும் குறைந்தன. கிளாஸ்ட்ரிடியம் ஹிரானோனிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா பெருகியது. கல்லீரலிலிருந்து வரும் பித்த அமிலத்தை இரண்டாம்நிலைப் பித்த அமிலமாக மாற்றித் தருவது இந்த ஹிரானோனிஸ்தான். அந்த அமிலங்களைக் கண்ணாடிக் குடுவையில் சேர்த்தபோது ஈ.கோலை, பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இரண்டின் வளர்ச்சியும் மட்டுப்பட்டது. வெறும் பட்டியல் போடும் ஆய்வு இல்லை இது. என்ன நடக்கிறது என்ற வழியையே காட்டுகிறது. நோயோடு ஒரு தடவை, தேறிய பிறகு ஒரு தடவை என்று ஒரே நாயிடம் மலம் எடுக்க முடிகிறது. வீட்டுக்காரர் வைத்ததைத்தான் நாய் தின்னும், நடுவில் பிரியாணி தேடிப் போகாது. மனிதர்களிடம் இந்தக் கட்டுப்பாடு வருமா?

வாயில்லா ஜீவன்:
எலியோ நாயோ, இரண்டும் உயிர்தான். ஆய்வுக்கூடத்தில் பீகிள் இன நாய்களை அடைத்துவைத்து இதைச் செய்கிறீர்களா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

மாறன் வெட்:
நான் பேசுவது சிகிச்சைக்கு வரும் வீட்டு நாய்களைப் பற்றி. வீட்டுக்காரர் சம்மதித்தால் மலம் எடுத்துக்கொள்வோம், நோயறிய எடுத்த பயாப்ஸித் திசுவில் மிச்சத்தை வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் இல்லை. பீகிள் கூண்டுகளை நானும் ஆதரிக்கவில்லை.

கூண்டெலி:
உங்கள் பித்த அமிலத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2016-ல் நேச்சர் மைக்ரோபயாலஜியில் வந்ததை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? குடல் பாக்டீரியாக் கூட்டம் எவ்வளவு கலைந்திருக்கிறது என்று அளக்க, மனிதத் தரவைக் கொண்டு உருவாக்கிய சீர்குலைவுக் குறியீட்டை நாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை. ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா மனிதரில் நோயோடு சேர்ந்து ஏறுகிறது, நாயில் அது ஆரோக்கியத்தின் அடையாளம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் குழு நாய்களுக்காக 2017-ல் வெளியிட்ட குறியீட்டிலும் ஃபியூசோபாக்டீரியம் குறைவது கெட்ட செய்தி. ஒரே பாக்டீரியா ஒரு வீட்டில் வில்லன், இன்னொரு வீட்டில் நல்லவன். இதை வைத்து மனிதருக்கு என்ன மருந்து கண்டுபிடிப்பீர்கள்?

மாறன் வெட்:
அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தீர்களா? பாக்டீராய்டஸ் ஃபிராஜிலிஸ் என்ற பாக்டீரியா மனிதருக்கும் எலிக்கும் இடையே இதே மாதிரி பாத்திரம் மாறுவதாக அவர்களே சொல்கிறார்கள். அந்த அளவுகோலை எனக்கு வைத்தால் உங்களுக்கும் வையுங்கள். பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். 2018-ல் வந்த நாய்க் குடல் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுப்பு, எலியைவிடவும் பன்றியைவிடவும் நாயுடையதுதான் மனிதருக்கு நெருக்கம் என்றது.

கூண்டெலி:
அது ஆரோக்கியமான நாய்களின் தொகுப்பு. நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கதிர்மொழி:
டாக்டர், பாக்ஸர் இன நாய்களின் பெருங்குடல் நோய் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும் என்று படித்தேன். காரணம் உள்ளே புகும் ஈ.கோலை என்றார்கள். குரோன்ஸிலும் அதே வகை ஈ.கோலை கிடைக்கிறதாம். அப்படியென்றால் எனக்கு ஏன் ஆன்டிபயாட்டிக் உதவவில்லை?

மாறன் வெட்:
பாக்ஸரில் அந்த ஈ.கோலை கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களுக்குள்ளேயே கூடு கட்டியிருக்கும். கார்னெல் குழு 2006-ல் பயாப்ஸியில் ஒளிரும் சாயம் போட்டு அதைக் காட்டியது. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிருமி போகும், நோயும் போகும். மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்றால் நாய் தேறாது. ஒரு கிருமி, கூடவே அந்த இனத்தின் பிறவிக் குறை. குரோன்ஸ் அப்படி ஒற்றைக் காரணத்தில் நிற்பதில்லை, அந்த ஈ.கோலை எல்லா நோயாளியிடமும் இருப்பதும் இல்லை. மற்ற நாய்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதையும் இப்போது குறைத்துவிட்டோம். ஆரோக்கியமான நாய்களுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து நிறுத்திய நான்கு வாரத்துக்குப் பிறகும் சிலவற்றின் குடல் பாக்டீரியாக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கூண்டெலி:
பாக்ஸர் விஷயம் வலுவானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கேகூட மருந்து கொடுத்துக் கிருமி போனதைத்தான் பார்க்கிறீர்கள். அந்த ஈ.கோலையைத் தனியே பிரித்து, நோயில்லாத உடலில் விட்டு, நோய் வருகிறதா என்று பார்க்க யாரிடம் போவீர்கள்? இன்னொன்று: உங்கள் நாய்களில் பலவற்றுக்கு அழற்சி சிறுகுடலில், நீங்கள் பாக்டீரியா டிஎன்ஏவைப் படிக்க (சீக்வென்ஸ் செய்ய) எடுப்பது மலத்தை. நடுவில் முழுப் பெருங்குடல் இருக்கிறது.

மாறன் வெட்:
மலத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். சிறுகுடல் பயாப்ஸி எடுக்கும் நாய்களில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், செலவு அதிகம், சிலர்தான் செய்கிறார்கள். முதல் கேள்விக்கு, உங்கள் கூடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும். எந்தக் கிருமியைத் தேடுவது என்பதை மட்டும் என் நாய்கள் சொல்லும்.

வாயில்லா ஜீவன்:
கடைசியில் எலிக்குத்தான் ஊசி. அப்படித்தானே?