தலைக்கட்டு வரியும் கம்பெனி நன்கொடையும்

கரிசல்காட்டான், கள்ளிக்குடி பக்கம்:

எங்கள் ஊரில் அம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 1,000 ரூபாய் வரி. மூன்று வருடம் வரி நோட்டு எழுதியவன் நான். "பருத்தி வித்ததும் தாரேன் தம்பி", "ஆட்டை வித்துட்டுத் தாரேன்" என்று வாசலுக்கு வாசல் ஒரு கதை கேட்டிருக்கிறேன். ஆனால் கடைசியில் எல்லாரும் கட்டிவிடுவார்கள். திருப்பூர் போனவன்கூட ஜிபேயில் போட்டுவிடுவான். வரி கட்டாதவன் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியாதே!

சோலார் கம்பெனி வந்த வருடம் அவர்கள் ஆள் ஒருவர், மரியாதையான பிள்ளை, மந்தைக்கே வந்து ஒன்றரை லட்சம் கொடுத்தார். அந்த வருடம் வரியே இல்லை என்று அறிவித்தாயிற்று. பொய் சொல்ல மாட்டேன், அலைச்சல் மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம்தான். கரகாட்டம், ரேடியோ செட், சீரியல் லைட் எல்லாம் ஜோர். கம்பெனிக்காரருக்குப் பரிவட்டம் கட்டினோம்.

நாலு மாதத்தில் கம்பி வேலி வந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை வேலிக்குள் போய்விட்டது. பட்டா நிலத்தை வாங்கினார்கள், சரி. ஓடை புறம்போக்கு அல்லவா? ஐப்பசி மழைத் தண்ணீர் திரும்பி ரோட்டில் ஓடியது. கூட்டம் போட்டோம். ஒரு பெரியவர் எழுந்து, "காசை வாங்கித் தின்னுட்டு இப்பப் போயி என்னத்தக் கேக்குறது?" என்றார். கூட்டம் கலைந்தது. கம்பெனியிலிருந்து யாரும் எங்களை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களைச் சொல்லும் 2006 அறிவிக்கையின் பட்டியலில் சோலார் வராததால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. ஆக, கம்பெனி எங்களோடு உட்கார்ந்து பேசியது அந்தப் பணம் கொடுத்த அன்றைக்கு மட்டும்தான்.

உங்கள் ஊர்களில் எப்படி?

மகளிர் குழுப் பிரதிநிதி, பேரையூர் பக்கம்:

எங்களுக்கு ஆறு தையல் மிஷின் தந்தார்கள். இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறது. மூன்றாம் மாதம் ஒரு தாளை நீட்டி, திட்டத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று குழு சீல் வைத்துத் தரச் சொன்னார்கள். எங்கள் ஊக்குநர் அக்கா, "மிஷினு வாங்குனதுக்குத்தான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டமே, இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். சீல் வைக்கவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு வாரம் பயந்தோம். யாரும் வரவில்லை.

பழைய சைட் ஆள்:

நான் கம்பெனிப் பக்கம் நின்றவன். திட்டுவதானால் திட்டுங்கள். 2013 கம்பெனிச் சட்டம் 135-ம் பிரிவுப்படி, ஒரு வருடத்தில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடம், குடிநீர், மருத்துவம் அந்தக் கணக்கில் வரும். கோயில் பொங்கல் வராது. நான் கொடுத்ததெல்லாம் சைட் செலவு என்றுதான் எழுதினோம். நிலப் பத்திரம் முடியும்வரை கேட்டதைக் கொடு, முடிந்தபின் 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல். எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான். எனக்கும் பரிவட்டம் கட்டியிருக்கிறார்கள் அண்ணே. அந்தத் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நாள் பைக் பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

உசிலம்பட்டிக்காரன்:

மொய் நோட்டில் ஏறாத காசு எங்கள் பக்கம் ஏது? செய்தால் திருப்பிச் செய்ய வேண்டும். அதனால்தான் எங்கள் ஊரில் கம்பெனிப் பணத்தைச் சங்கத்துக் கையில் வாங்க வேண்டாம் என்றோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்து, பஞ்சாயத்துக் கணக்கில் போடச் சொன்னோம். பணத்துக்காக ஊர் எதற்கும் சம்மதித்ததாக ஆகாது என்று தீர்மானத்தில் ஒரு வாசகம் சேர்த்தோம். பேசியதில் பாதிதான் வந்தது. கண்மாய் மடைக்கு ஷட்டர் போட்டோம். பெயர்ப் பலகை வைக்கவில்லை என்று அவர்களுக்கு இன்னும் வருத்தம்.

கரிசல்காட்டான்:

அந்த வாசகத்தை நாங்களும் எழுதியிருக்கலாம். இந்த வருடம் மறுபடி வரி போட்டாயிற்று, தலைக்கட்டுக்கு 1,200. முணுமுணுப்பு இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் ஓடை விஷயத்தைக் கொடுக்கப் போகிறோம். இதுவரை 31 கையெழுத்து. அந்தப் பெரியவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.