புதுப்பிப்பு: எங்கள் வீட்டில் தம்பியின் குறும்பட ஷூட்டிங்

தம்பியின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்புக்கான குறும்படத்தை எங்கள் வீட்டிலேயே எடுக்கப் போகிறார்கள், ஒலிப்பதிவு என் தலையில், ஃப்ரிட்ஜ் சத்தத்தையும் டியூப்லைட் சிமிட்டலையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். ஷூட்டிங் முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிமிட்டல் சுலபமாகத் தீர்ந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவில் விநாடிக்கு 24 பிரேம் என்பதை அப்படியே விட்டு, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் 1/50 விநாடிக்கு (சரியாக இரண்டு மினுக்கல் அளவு) மாற்றியதும் திரையில் ஓடிய பட்டை போய்விட்டது.

சத்தம்தான் பெரும்பாடு. ஃப்ரிட்ஜை அணைத்து, நீங்கள் சொன்னபடி ஸ்கூட்டர் சாவியை அதற்குள்ளேயே வைத்தேன். வண்டியை எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துதானே ஆக வேண்டும்! இட்லி மாவு தப்பியது, அம்மாவுக்கு நிம்மதி. ஃபேனும் கிடையாது என்பதால் நடிகர்களுக்கு வியர்வை துடைப்பதே உதவி இயக்குநரின் முழுநேர வேலையாகிவிட்டது. ஜன்னலைச் சாத்தி, கேமராவுக்குப் பின்னால் மெத்தையும் கனமான போர்வைகளும் தொங்கவிட்டதில் ஹாலின் எதிரொலி நன்றாகவே குறைந்தது. பக்கத்து வீட்டு குக்கர் விசிலுக்கு மட்டும் மருந்தில்லை. அடங்கும்வரை காத்திருந்தோம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். "இது எதுக்குக்கா?" என்று எரிச்சல்பட்ட தம்பி, இப்போது எடிட்டிங்கில் வசன இடைவெளிகளை நிரப்ப அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.

மொட்டைமாடிக் காட்சியில் மைக்கில் காற்று அடித்துவிட்டது. அதற்கு மட்டும் டப்பிங். அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசவைக்கலாம் என்று இருக்கிறோம்.