பாஸ் மீன் கடிக்கிறது, சுண்டினால் முள் ஏறவில்லை. தூண்டில் கோலை மாற்றவா, நரம்பை மாற்றவா?

தவளைத்தூண்டில்:

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்புக் குளத்தில் லார்ஜ்மவுத் பாஸ் நன்றாகவே இருக்கிறது. சாயங்காலமானால் கோரை ஓரத்தில் சளக் சளக்கென்று இரை எடுக்கிற சத்தம் கேட்கும். உரிமம் எடுத்தாயிற்று. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், தவளை கோத்து விரால் பிடித்துப் பழகிய கை.

என்னிடம் இருப்பது ஆறரை அடி மீடியம் லைட் (மெல்லிய வகை) ஸ்பின்னிங் கோல், 8 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. டெக்சாஸ் ரிக் போடுகிறேன்: கால் அவுன்ஸ் ஈயக்குண்டு, 7 அங்குல ரப்பர் புழு, 4/0 அளவுத் தடிக் கம்பி முள், முனை ரப்பருக்குள் புதைந்திருக்கும்.

கடி தெளிவாகத் தெரிகிறது. விராலுக்கு விடுகிற மாதிரி கொஞ்சம் விட்டுச் சுண்டுகிறேன். கோல் நன்றாக வளைகிறது, ரீலில் நாலு சுற்று கனமாக வருகிறது, அப்புறம் ஒன்றுமில்லை. சில சமயம் மீன் மேலே துள்ளித் தலையை உதறியதும் புழு தனியாகப் பறந்து வருகிறது. புதிதாக வாங்க 150 டாலர் வரை ஒதுக்கியிருக்கிறேன். எதை வாங்க?

பின்னல்50:

நரம்பை மாற்றுங்கள், போதும். பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, அநேகமாக நீளவே நீளாது. நான் எல்லாவற்றுக்கும் 50 பவுண்டு பிரெய்டுதான். கோரைக்குள் போனாலும் கோரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

டைலர்வாசி:

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை மீன் விட்டுப் போனதும் புழுவைக் கையில் எடுத்துப் பாருங்கள். புழுவின் தலை முள்ளின் காம்பிலிருந்து வழுக்கி, வளைவில் சுருண்டு கிடக்கிறதா? முள்முனை ரப்பருக்கு வெளியே வந்திருக்கிறதா? முனை இன்னும் உள்ளேயே இருந்தால், நீங்கள் சுண்டியது தாடை வரைக்கும் போகவே இல்லை. மீன் புழுவைக் கவ்விக்கொண்டு கூடவே வந்திருக்கிறது, வேண்டாம் என்றதும் வாயைத் திறந்துவிட்டது. வால் மட்டும் அறுந்து வந்தால் அது புளூகில் மாதிரிச் சின்ன மீனின் வேலை, அதற்குக் கோல் மாற்றிப் பயன் இல்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகைதான் என்று தோன்றுகிறது. கணக்கு எளிது. முள் முதலில் ரப்பரைக் கிழிக்க வேண்டும், பிறகு தாடையில், முனைக்குக் கீழே இருக்கிற எதிர்முள் வரை இறங்க வேண்டும். தடிக் கம்பிக்கு அதற்குக் கணிசமான விசை வேண்டும். நீங்கள் கொடுக்கிற விசையில் பாதியை மெல்லிய கோல் வளைந்தே தின்றுவிடுகிறது. மிச்சத்தை நைலான் நீண்டு தின்றுவிடுகிறது. நைலான் தண்ணீரில் ஊறினால் இன்னும் இளகும். தூரம் கூடக் கூட நிலைமை மோசம்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதை வேலிக்கம்பில் கட்டி, கொக்கியில் நரம்பை முடிந்து, முப்பது தப்படி தள்ளி நின்று சுண்டுங்கள். வீட்டில் யாரையாவது தராசைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பத்துத் தப்படியில் நின்று ஒருமுறை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது சுண்டுகிற முறை. பாஸ் கொத்துவதில்லை, உறிஞ்சுகிறது. வாயை அகலத் திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து இழுக்கும். தண்ணீர் செவுள் வழியே போய்விடும், இரை உள்ளே நிற்கும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். அதனால் ரப்பர் புழுவுக்கு விரால் கணக்கில் விட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ‘டக்’ என்று பட்டாலோ, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ, ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு மந்தமான கனம் தெரிந்தாலோ உடனே கோல்நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள். ரீலைச் சுற்றித் தொய்வை எடுங்கள். கனம் லேசாகக் கையில் ஏறியதும் மேல்நோக்கி ஒரே வீச்சு, முழங்கையும் இடுப்பும் சேர்ந்து. வீசின கையோடு சுற்றிக்கொண்டே இருங்கள், நரம்பு ஒரு கணம்கூடத் தளரக் கூடாது. மீன் துள்ளும்போது முள் கழல்வது பெரும்பாலும் அந்தத் தளர்வில்தான். தொய்வு விட்டு வெடுக்கென்று சுண்டுகிறவர்களும் இங்கே உண்டு. நைலானில் அது எடுபடாது என்பதே என் அபிப்பிராயம்.

டிராகையும், அதாவது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற பிடிமானத்தையும், பாருங்கள். சுண்டும்போது ரீல் ‘கிர்ர்’ என்று நரம்பு விட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

வாங்குவதென்றால் 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கோல். மீடியம் ஹெவி என்பது கோலின் பலம், ஃபாஸ்ட் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் கோல் நுனிப் பக்கம் மட்டும் வளையும், கீழே விறைப்பாக நிற்கும், கையின் விசை சீக்கிரம் முள்ளுக்குப் போகும். 7:1 வேக (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று) பெய்ட்காஸ்டர் ரீல் இருந்தால் தொய்வு சட்டென்று வரும். நரம்பு 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன். அதுவும் நீளத்தான் செய்யும், துளியும் நீளாது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது மூழ்கும், கல்லிலும் கட்டையிலும் உரசினால் தாங்கும். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள், உலர இழுத்தால் சூட்டில் நரம்பு பலம் இழந்துவிடும். முள் 3/0 போதும். 150 டாலரில் கோலுக்குக் கூடுதலாகவும் ரீலுக்குக் குறைவாகவும் செலவழியுங்கள்.

@பின்னல்50, கோரைக்குள் போடும்போது பிரெய்டு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பியின் மீடியம் லைட் கோலில் 50 பவுண்டு பிரெய்டு கட்டி ஓங்கி இழுத்தால் விசை தாங்காமல் கோல் உடையலாம், கட்ட வேண்டாம்.

இன்னொன்று. டெக்சாஸ் மாநில சாதனை பாஸ் 18.18 பவுண்டு. 1992 ஜனவரியில் எங்கள் பக்கத்து லேக் ஃபோர்க் ஏரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்தது. அவர் அன்றைக்குப் போட்டிருந்தது கிராப்பி மீனுக்கான உயிர் இரை, பாஸுக்கே இல்லை. தாடையில் சரியாக இறங்கிவிட்டால் எளிய தூண்டிலும் அவ்வளவு பெரிய மீனை நிறுத்தும். அதனால் முள்முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். நகத்தில் தைத்து நின்றால் சரி.

ப்ளேனோக்கரை:

டைலர்வாசி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இருக்கிற கோலை மூலையில் வைத்துவிட வேண்டாம். நான் பிள்ளைகளோடு போகும்போது இதே மாதிரிக் கோல்தான். 5 அங்குலக் குச்சிப் புழுவின் நட்டநடுவில் மெல்லிய கம்பி முள், 1/0, முனை வெளியே தெரிய. ஈயமே இல்லை. வாக்கி ரிக் என்பார்கள். எறிந்துவிட்டுச் சும்மா விடுங்கள், இரண்டு பக்கமும் துடித்துக்கொண்டே இறங்கும். முனை வெளியே இருப்பதால் ரப்பரைக் கிழிக்கிற வேலை கிடையாது. நரம்பு நகர்ந்ததும் வேகமாகச் சுற்றிக் கோலைப் பக்கவாட்டில் சாய்த்தால் முள் தானாக ஏறிவிடும். என் சின்னவளுக்கு எட்டு வயது, அவளே ஏற்றிவிடுகிறாள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இதில் தாமதித்தால் தொண்டை வரை விழுங்கிவிடும். நீள மூக்குக் குறடு இல்லாமல் போகாதீர்கள். மீனைக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கலாம், ஆனால் பெரிய மீனென்றால் இன்னொரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுங்கள். தாடையில் மட்டும் படுக்கவாட்டில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள், பார்க்கவே பதறுகிறது.

தவளைத்தூண்டில்:

டைலர்வாசி அண்ணா, சொன்னபடி புழுவைப் பார்த்தேன். அப்படியே வளைவில் சுருண்டு கிடந்தது, முனை வெளியே வரவில்லை. தராசுச் சோதனையும் செய்தேன். முப்பது தப்படியில் நான் முழு பலத்தோடு சுண்டியும் தராசு முள் லேசாக நகர்ந்ததோடு சரி என்று மனைவி சொன்னார். ப்ளேனோக்கரை அக்கா, வாக்கி ரிக்கில் நேற்று மூன்று மீன், ஒன்றுகூடக் கழலவில்லை. மிக்க நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகம். மீடியம் ஹெவி கோல் வாங்கினால் கிராங்க்பெய்ட்டும் (சுற்றி இழுக்கும்போது நீந்துகிற கட்டிப் பொய்மீன்) அதிலேயே போடலாமா? ரப்பர் தவளைக்கு விரால் கணக்குச் செல்லுமா?

டைலர்வாசி:

கிராங்க்பெய்ட் வேண்டாம். அதில் இரண்டு மூன்று கிளை முள், மெல்லிய கம்பி, முனை எல்லாம் வெளியே. அதற்கு விசை வேண்டாம், விட்டுக்கொடுத்தல் வேண்டும். விறைப்பான கோலில் ஓங்கிச் சுண்டினால் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், இல்லாவிட்டால் முள் நிமிர்ந்துவிடும். கடித்ததும் சுண்டவே வேண்டாம். சுற்றுவதை நிறுத்தாமல் கோலைப் பக்கவாட்டில் நிதானமாக இழுங்கள். நடு வரை வளைகிற மாடரேட் கோல்தான் இதற்கு வாகு. மீன் கரைக்கு அருகில் வந்து திடீரென்று பாயும்போது கோல் வளைந்து கொடுத்தால்தான் கிளை முள் நிற்கும். அதுவரை சின்ன கிராங்க்பெய்ட்டை உங்கள் பழைய மீடியம் லைட்டிலேயே போடுங்கள்.

தவளைக்கு உங்கள் மன்னார்குடிக் கை நன்றாகவே உதவும். பாசி மேல் வெடிக்கிற சத்தம் கேட்டதும் புதியவர்கள் பயந்து சுண்டிவிடுவார்கள், தவளை மட்டும் முகத்துக்கு நேரே பறந்து வரும். சத்தத்துக்குச் சுண்டக் கூடாது. தவளை மறைந்து, நரம்பு இறுகி, கனம் கையில் தெரிந்த பிறகுதான். ஆனால் விராலுக்கு விடுகிற அளவு நேரம் வேண்டாம், ஒரு மூச்சு போதும். இங்கேதான் @பின்னல்50 சொன்ன 50 பவுண்டு பிரெய்டும், மீடியம் ஹெவிக்கும் மேலே ஹெவி கோலும். சுண்டிய கையோடு தலையைப் பாசிக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். கீழே போகவிட்டால் கோரையைச் சுற்றிக்கொள்ளும்.

லேக் ஃபோர்க் பக்கம் வருவதாக இருந்தால் அளவுப் பலகை ஒன்று எடுத்து வாருங்கள். 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது, திருப்பி விட்டுவிட வேண்டும்.